முதல் பந்தியும் மூன்றாம் இடமும்

"பிப்ரவரி, முதல் வெள்ளி. காற்று, மணல். மஞ்சள் தோல்வி. நீலம் எங்களைவிட ஒரு புள்ளி மேல். மீதி இரண்டு ஆட்டம். ஷட்டவுன் ஆட்கள் வந்துவிட்டார்கள்."

சவுதியின் ஜுபைலில் எங்கள் கேம்ப் ஹாக்கியின் புள்ளி அட்டவணையை நான்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இப்படி ஒரு குறிப்பும் எழுதுவேன். நான் ஆடுவதில்லை. ஆனால் மஞ்சள் சட்டை அணியின் ஆள் என்பதை மறைத்ததும் இல்லை.

மொத்தம் நான்கு அணிகள். சட்டையின் நிறம்தான் பெயர். கேம்புக்குப் பின்னால் இருந்த வெறும் மணல்தரைதான் மைதானம். எங்களில் ஒருவர் தண்ணீர் லாரி ஓட்டியதால் வியாழன் மாலையில் அதை நனைத்து இறுக வைத்துவிடுவார். வெள்ளி காலை ஆட்டம், ஜும்மாவுக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். நோன்பு பிறப்பதற்குள் சீசனும் முடிந்துவிட வேண்டும்.

கடைசி வெள்ளியன்று மெஸ்ஸில் பிரியாணி. அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் மூன்று அணிகள் முதல் பந்தியில் உட்காரும். கடைசி இடம் பிடித்த அணி பரிமாறிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். எங்கள் கேப்டன் சாரம் கட்டும் பிரிவில் சூப்பர்வைசர், விளாத்திகுளத்துப் பக்கத்து ஆள். அவர் மஞ்சள் சட்டை போட்ட நாளிலிருந்து பரிமாறிக்கொண்டேதான் இருந்தார். அந்த வருஷம் அவருக்கு எக்சிட் அடித்துவிட்டார்கள். சீசன் முடிந்ததும் ஊருக்கு, இனித் திரும்ப மாட்டார்.

"போறதுக்குள்ள ஒரு தடவையாவது உக்காந்து சாப்பிடணும்வே," என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன்பின் அட்டவணையைத் தினமும் கேட்க ஆரம்பித்தார்.

குளிர்காலத்தில் பிளாண்டைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது ஊரிலிருந்து சில வாரங்களுக்கென்று ஆட்கள் வந்து இறங்குவார்கள். அதைத்தான் ஷட்டவுன் என்போம். அவர்களில் மட்டை பிடிக்கத் தெரிந்தவர்களை அணிகள் பிரித்துக்கொள்ளும். அட்டவணையில் கடைசியில் இருப்பவருக்கு முதல் தேர்வு. பெரிய லீக்குகளில் புது ஆட்டக்காரனை எடுப்பதற்கு முன் வேகம், வயது, பழைய ஆட்டங்கள் எல்லாம் பார்ப்பார்களாம். நான் அதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எங்களுக்கு அவையெல்லாம் பிறகுதான். பகல் டியூட்டியா, இரவு டியூட்டியா? வெள்ளி ஆஃப் உண்டா? விசா எப்போது முடிகிறது? இதையெல்லாம் விசாரித்து வைத்து, இரண்டு பெயர்களைக் கேப்டனிடம் சொன்னேன். ஒருவன் கல்லூரி அணியில் ஆடிய வெல்டர், ஆனால் இரவு டியூட்டி. இன்னொருவன் ரிக்கர், கிரேனில் பளு கட்டித் தூக்குகிறவன், பகல் டியூட்டி. அவன் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

வியாழன் மாலை மெஸ்ஸில் தேர்வு நடந்தது. கேப்டன் ரிக்கரைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"எந்த ஊரு?"

"கோவில்பட்டி."

"போதும். இவன் நமக்கு."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் ஹாக்கி. மேலே கேட்க ஒன்றுமில்லை. நீலச் சட்டையின் கேப்டன், டவுனில் மொபைல் கடை வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரர் (அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், எங்களுக்கும் அவர் காக்காதான்), அடுத்த நிமிஷமே வெல்டரைத் தட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மைதானத்தில் ரிக்கர் மட்டையைப் பிடித்த விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, எங்க வீடு கிரவுண்டுக்குப் பின்னாலதான். தெனமும் பாப்பேன். வெளையாடுனதில்ல."

"இத நேத்தே சொல்ல வேண்டியதுதானல?"

"நீங்க எங்க சொல்லவிட்டீக?"

கேப்டன் அவனைக் கோலருகே கூட்டிக்கொண்டு போனார். "சரி. கோலுக்கு முன்னால நில்லு. பந்து வந்தா மட்டையக் கீழ வையி. வேற ஒண்ணும் செய்யாத."

அன்று முதலிடத்தில் இருந்த பச்சையுடன் டிரா செய்தோம். நீலம் தோற்றது. இரவு டியூட்டி முடிந்த வெல்டர் ரூமில் தூங்கிவிட்டான். இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி, கோல் கணக்கில் நாங்கள் ஒன்று கூட. கடைசி ஆட்டம் எங்களுக்குள்ளேயேதான். டிரா போதும்.

அந்தக் கடைசி ஆட்டத்தன்று காக்காவே காரை எடுத்துக்கொண்டு போய் வெல்டரைப் பிளாண்ட் கேட்டிலிருந்து நேராக மைதானத்துக்குக் கூட்டிவந்தார். கண் சிவந்திருந்தாலும் அவன் ஆட்டம் கண்ணுக்கு விருந்து. முதல் கோல் அவனுடையது. கேப்டன் ஒரு பெனால்ட்டி கார்னரில் சமன் செய்தார். முடியும் நேரத்தில் வெல்டர் எங்கள் கோல்கீப்பரையும் தாண்டிவிட்டான். காலியான கோலை நோக்கி அடித்தான். கோட்டின் மேல் நின்றவன் ரிக்கர் மட்டும்தான். மட்டையைக் கீழே வைத்தான். மணல் கிளம்பியது. பந்து வெளியே ஓடியது.

"காலு! கால்ல பட்டுச்சு!" என்று காக்கா கத்தினார். ஹாக்கியில் கோலுக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் எதிரணிக்குப் பெனால்ட்டி.

அம்பயர் பச்சை அணிக்காரர். தனக்குத் தெரியவில்லை என்று கையை விரித்தார். விசில் ஊதினார், ஆட்டம் முடிந்தது.

அடுத்த வெள்ளி முதல் பந்தியில், கதவுக்கு எதிரே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் கேப்டன் உட்கார்ந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். காக்கா தானே பிரியாணி நிறைந்த சஹனை, அந்தப் பெரிய தட்டை, தூக்கிக்கொண்டு வந்தார்.

"கால்ல ஜெயிச்ச ஆளுக்கு ஆட்டுக்கால் வைக்கட்டுமா, அண்ணாச்சி?"

"வைங்க காக்கா. எலும்போடயே வைங்க."

இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு எழுந்து கை கழுவினார். காக்காவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, "நீங்க உக்காருங்க," என்றார். பழக்கம் விடவில்லை. இரண்டாம் பந்திக்கு நீலச் சட்டைக்காரர்களை உட்காரவைத்துக் கடைசிவரை அவரே பரிமாறினார். நான் பார்த்த வரையில், அவர் பரிமாறியதிலேயே அன்றுதான் நிதானமாகப் பரிமாறினார்.

இப்போது அவர் ஊரில் இருக்கிறார். ரிக்கரும் ஷட்டவுன் முடிந்து போய்விட்டான். அட்டவணையைச் சுத்தமாக எழுதும்போது அவனுக்குப் போன் செய்து கேட்டேன்.

"மட்டையா, காலா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் கண்ண மூடிட்டேன்."

மஞ்சள் மூன்றாம் இடம் என்று எழுதியிருக்கிறேன். பந்து எதில் பட்டது என்பது இன்னும் உறுதியாகவில்லை.