அவிச்ச நெல்லும் உயிர்த்த ஞாயிறும்

மறைக்கல்வி படிப்பிக்கிற ரீச்சர் பிள்ளைப்பேற்றுக்குப் போயிட்டா. சின்ன வகுப்புக்கு ஆளில்லை. சிஸ்டர் ஊர் முழுக்கத் தேடி, ஒருத்தரும் அம்பிடாமல், கடைசியா எண்ட வாசலுக்கு வந்தா. கடைசியா வந்தன் எண்டு அவ சொல்லல்ல. எண்டாலும், சந்தை கலைஞ்ச பிறகு மீன் வாங்க வந்த ஆள் மாதிரித்தான் நிண்டா.

"சிஸ்டர், நான் மூண்டாம் வகுப்பு. அதையும் ரெண்டு தரம் படிச்சவள்," எண்டன்.

"அப்ப நல்லாப் பதிஞ்சிருக்கும்தானே," எண்டா. சிஸ்டர்மாருக்கும் பகிடி வருமெண்டு அண்டைக்குத்தான் கண்டன்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிள்ளைகளோட செய்யிற கைவேலை எண்டு போனில படம் காட்டினா. முட்டைக்கு நிறம் பூசுறதாம், கடதாசியில முயல் வெட்டுறதாம். ஆண்டவருக்கும் முயலுக்கும் என்ன உறவெண்டு கேட்டன். எங்கட பக்கத்தில முயல் அம்பிட்டா நேரா கறிச்சட்டிக்குப் போகும். எழும்பி வந்த கதை இல்லை.

"உங்களுக்கு விளங்கினதைச் செய்யுங்க அம்மா," எண்டுட்டுப் போயிட்டா. பாவம், எனக்கு எவ்வளவு விளங்குமெண்டு அவக்குத் தெரியாது.

எனக்கு விளங்கினது வயல்தான். மண்ணில விழுந்து செத்த மணிதான் பலன் தருமெண்டு ஆண்டவரே சொல்லியிருக்கார். கோயிலுக்குப் பின்வளவுதான் எண்ட வீடு. குருத்தோலை ஞாயிறு பின்னேரம் பிள்ளைகள் ஆளுக்கொரு வெறும் ஐஸ்கிறீம் டப்பாவோட எண்ட விறாந்தைக்கு வந்திட்டுகள். டப்பாவுக்குள்ள வயல்மண் போட்டம். மூலையில பாதிச் சிரட்டையைக் கவிட்டு, அதுதான் கல்லறை. வாசலுக்கு ஒரு கல்லு. ஈர்க்கிலை முறிச்சு, மருதமுனைத் தறியில மிஞ்சின நூலால கட்டி மூண்டு சிலுவை. மிச்ச இடமெல்லாம் நெல்லுத் தூவி மண்ணால மூடினம்.

"ஆண்டவரைப் பெரிய வெள்ளியண்டு இப்பிடித்தான் அடக்கம் செய்தாங்க. முடிஞ்சு போச்செண்டு எல்லாரும் வீட்ட போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை விடியப் போய்ப் பாத்தா கல்லுத் தள்ளிக் கிடக்கு, உள்ளுக்க ஆளில்லை. எழும்பிட்டார். உங்கட நெல்லும் அண்டைக்குப் பச்சையா எழும்பி நிக்கும் பாருங்க. அவரை நம்பிச் செத்தவங்களையும் அவர் ஒரு நாள் இப்பிடித்தான் எழுப்புவார்," எண்டன்.

அதில ஏழு வயசுப் பிள்ளை ஒருத்தி. தாய் போன மாரியில காய்ச்சல் வந்து செத்துப் போனவ. சித்தியோட இருக்கிறாள். அவள் கையைத் தூக்கினாள்.

"எங்கட அம்மாவையுமா, அம்மம்மா?"

"ஓம் மனே, அம்மாவையும்தான்."

"இந்த நெல்லு மாதிரியா?"

"இதே நெல்லு மாதிரித்தான்."

முழங்கால் ஓடாட்டியும் எனக்கு வாய் ஓடும்.

மத்ததுகள் தண்ணி ஊத்த மறந்திடும். இவள் மட்டும் விடிஞ்சா வந்திடுவாள். குந்தியிருந்து மண்ணையே பாப்பாள். "இன்னும் எழும்பல்ல அம்மம்மா." "ஆண்டவரே மூண்டாம் நாள்தான் எழும்பினவர், நெல்லுக்கு என்ன அவசரம்?" எண்டன். நாலாம் நாள், இது சோம்பேறி நெல்லு எண்டன். அதோட பகிடி முடிஞ்சு போச்சு.

பெரிய வியாழன் பகல் வேலிக்கு அங்கால இருந்து எண்ட கூட்டாளி எட்டிப் பாத்தா. அவ முஸ்லிம், நான் வேதக்காரி. எண்டாலும் கன காலமா ஒருத்திய ஒருத்தி மச்சி எண்டுதான் கூப்பிடுறம். அவட மகன்மாருக்கு நற்பிட்டிமுனைப் பக்கம் வயல். வந்து ஒரு மணியைத் தோண்டி எடுத்து, நகத்தால நசிச்சு, மணந்து பாத்தா.

"மச்சி, இத எங்க இருந்து எடுத்த நீ?"

"குசினிச் சாக்கில இருந்து."

"யா அல்லாஹ்! இது அரிசி குத்த அவிச்சு வச்ச நெல்லுடி! இது எங்கால முளைக்கும்?"

நான் வயல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, காலமெல்லாம் வயலுக்குச் சோறு கட்டினவள். விதைநெல்லு எது, அவிச்ச நெல்லு எது எண்டு தெரியல்ல. கண்ணாடி போட்டாக் கிழவி மாதிரித் தெரியுமெண்டு போடாமல் திரிஞ்சதுக்கு இதுதான் பரிசு.

மச்சி சிரிச்சுச் சிரிச்சு ஏலாமல் நிலத்திலயே இருந்திட்டா. "வெள்ளத்தில வயல் அழிஞ்சவன் இரிக்கான், பூச்சியில அழிஞ்சவன் இரிக்கான். சோத்தை விதைச்ச பொம்பிளைய இண்டைக்குத்தான் காணுறன்!" பிறகு, சிறுபோகத்துக்கு முளைகட்டி வச்சிருந்த விதைநெல்லில ஒரு கோப்பை கொண்டந்து தந்தா. "புள்ளைகள் வர முதல் மாத்திப் போடு. நான் வாய் துறக்க மாட்டன்."

பெரிய வெள்ளி விடிய எழும்பி மாத்தத் தொடங்கினன். எல்லா டப்பாவும் முடிச்சு, கடைசியா அந்தப் பிள்ளைட டப்பாவுக்குள்ள விரலை விட்டன். திரும்பினா, அவள் தண்ணிப் போத்தலோட பின்னால நிக்கிறாள்.

"என்ன தோண்டுறீங்க அம்மம்மா?"

நல்ல பொய் ஒண்டு நாக்கு நுனியில நிண்டிச்சு. பெரிய வெள்ளியாப் போச்சே எண்டு விழுங்கினன்.

"மனே, நான் பிழையா அவிச்ச நெல்லைத் தந்திட்டன். அது முளைக்காது. இது நல்ல நெல்லு, மாத்துவம்."

"அவிச்சாச் செத்திருமா?"

"ஓம்."

"கொஞ்சம் கூட உயிர் இல்லையா?"

"இல்லை மனே."

கோப்பையில இருந்து ஒரு முளையை எடுத்துப் பாத்தாள். "இது சாகல்லத்தானே?"

"இல்லை. நித்திரை மாதிரிக் கிடந்தது. தண்ணி பட்டதும் எழும்பிட்டு."

"அப்ப இது எழும்பினா என்ன பெரிசு?"

டப்பாவை நெஞ்சோட அணைச்சுக்கொண்டாள். "எங்கட அம்மா நித்திரையில்ல. செத்துத்தான் போனா. எண்ட நெல்லை மாத்தாதீங்க."

செத்த வீட்டிலயும் பகிடி விட்டவள் நான். அண்டைக்குக் கோப்பையை மூடி வச்சன். ஞாயித்துக்கிழமை அந்தச் சேத்தைப் பாத்திட்டு, அம்மாவும் இப்பிடித்தான் எண்டு பிள்ளை நினைச்சா நான் என்ன செய்வன்? ரெண்டு நாளும் ஜெபமாலையை உருட்டினன். அவிச்ச நெல்லு முளைக்கோணுமெண்டு மாதாவைக் கரைச்சல்படுத்தினவள் நான் ஒருத்தியாத்தான் இருப்பன்.

உயிர்த்த ஞாயிறு பூசையில குண்டு வெடிச்ச வருசத்துக்குப் பிறகு, இப்ப வாசல்ல பையத் திறந்து காட்டித்தான் உள்ளுக்குப் போகோணும். எண்ட பையில ஜெபமாலையும் வெத்திலையும். பொலிஸ்காரன் வெத்திலையைத்தான் கூட நேரம் பாத்தான். பூசை முடிய, பிள்ளைகள் எண்ட விறாந்தைக்கு ஓடினதுகள். எல்லா டப்பாவிலயும் சின்னப் பச்சை. நடந்ததை அதுகளுக்கும் சொன்னன். "சோத்தம்மம்மா" எண்டு பேர் வச்சிட்டுகள்.

இவள்ட டப்பாவில கறுத்த சேறு. நெல்லு ஊறிப் புளிச்சு, எறும்பும் வந்திட்டு. பக்கத்தில போய்க் குந்தினன்.

"மனே, நான் சொன்னது பிழை. நெல்லு முளைச்சாத்தான் அம்மா எழும்புவா எண்ட மாதிரிச் சொல்லிப் போட்டன். நெல்லு நான் கண்டுபிடிச்ச விளையாட்டு. அம்மா எழும்புறது ஆண்டவர் எழும்பினபடியால்தான்."

டப்பாவில ஊர்ந்த எறும்பை ஊதி விட்டாள்.

"அப்ப இது முளைக்காததுக்கு ஆண்டவர் காரணமில்லையா?"

"இல்லை. நான்தான் காரணம்."

"அவர் எழும்பினது உண்மைதானே?"

"உண்மை மனே. நான் எத்தினை சாக்கு நெல்லை அவிச்சாலும் அவரை நிப்பாட்ட ஏலாது."

சிரட்டை வாசல்ல இருந்த கல்லை ஒரு விரலால தள்ளி விட்டாள். பிறகு, "சேமக்காலைக்குப் போவமா?" எண்டாள்.

போனம். டப்பாவை நான்தான் தூக்கினன். புளிச்ச தண்ணி எண்ட வெள்ளைச் சீலையெல்லாம் ஊத்துண்டிச்சு. தாயிட குழித் தலைமாட்டில அதை வாங்கி வச்சாள். முழந்தாளில இருந்து, மண்ணுக்குக் கிட்ட வாயைக் கொண்டு போனாள்.

"அம்மா, இதப் பாத்துப் பயப்பிடாதீங்க. இது அம்மம்மா அவிச்சது. ஆண்டவர் எழும்பிட்டார்."