பெடல் வேலை செய்யாத நாள்

என் மேசைக்குக் கீழே ஒரு பெடல் இருக்கிறது. தையல் மெஷினுடையது அல்ல, கணினியுடையது. வைத்தியர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. பெடலை மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கைகள் இரண்டும் விசைப்பலகையில் இருக்க, பெரிய பெரிய வைத்தியர்களைக் காலால் நிறுத்தி வைப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இந்த வேலை சும்மா கிடைக்கவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் சமையல்கூடத்தில் பதினொரு வருடம் நின்றபடி வேலை செய்தேன். முழங்கால் போய்விட்டது. ஐம்பது வயதில், இந்த ஊர் மொழியான பிரெஞ்சு படிக்க வகுப்புக்குப் போய், என் மகளைவிட இளைய ஆசிரியையிடம் ஏச்சு வாங்கி, வீட்டில் இருந்தபடி செய்யக்கூடிய இந்த வேலையைப் பிடித்தேன். பிடித்ததைக் கைவிட எனக்கு மனமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நிறுவனத்திலிருந்து புதுக் கணினி வந்தது. பழையதைக் கட்டி வைக்க வேண்டும், தொடக்கூடாது, அடுத்த வாரம் வந்து எடுப்போம் என்று கடிதமும் வந்தது. புதன் காலை வயர்களைச் செருகிப் புதியதைப் பூட்டினேன். திரை வந்தது, விசைப்பலகை வேலை செய்தது, குரலும் கேட்டது. பெடல் மட்டும் செத்துக் கிடந்தது. மிதித்து மிதித்துப் பார்த்தேன். வைத்தியர் வாயைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு வசனத்துக்கும் மவுஸைத் தேடிப் பிடித்துச் சொடுக்கியதில், அன்று பாதி வேலைகூட முடியவில்லை. என் மேற்பார்வையாளர் அம்மையார் தொலைபேசியில் மிகுந்த மரியாதையோடு பேசினார். வெள்ளி மதியத்துக்குள் இந்த வாரக் கோப்புகள் வராவிட்டால், நான் தினமும் தூரத்தில் லவாலில் உள்ள அலுவலகத்துக்கு வந்து வேலை செய்ய வேண்டியிருக்குமாம். பனிக்காலத்தில், இந்த முழங்காலோடு, மெட்ரோப் படிகளில் ஏறி இறங்கி. அது வேலையை விடச் சொல்வதற்குச் சமம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவிக்கு அழைத்தேன். மென்பொருளை அழித்துத் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். கணினியை அணைத்து மறுபடி இயக்கச் சொன்னார். இயக்கினேன். மூன்று தரம் இதே கூத்து. பிறகு கேட்டார்: “மடாம், வீட்டில் கணினி தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?”

“இருக்கிறார்.”

“அவரிடம் கொடுக்க முடியுமா?”

“அவர்தான் பேசுகிறார்,” என்றேன்.

உடனே பேச்சை மாற்றினார். பெடல் பழையது, புதுக் கணினிக்கு ஒத்துவராது, வேறு அனுப்ப இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

“இஞ்சரும், ஏன் சும்மா தலையை உடைக்கிறீர்?” என்றார் கணவர். “லவாலுக்கே போம். நான் காரில கொண்டுபோய் விடுறன்.”

“நீங்கள் விடிய அஞ்சு மணிக்கு வேலைக்குப் போற ஆள். எத்தினை நாளைக்குக் கொண்டுபோவியள்? பேசாமல் இருங்கோ.”

வியாழன் காலை, தொடக்கூடாது என்ற பழைய கணினியைக் கட்டவிழ்த்தேன். பெடலைப் பூட்டி மிதித்தேன். அதில் மிஞ்சியிருந்த ஒரு பழைய பதிவில் வைத்தியர் கடகடவென்று பேசினார்; புதுக் கோப்புகள் அதற்கு வருவதில்லை. ஆக, பெடலில் ஒரு பிழையும் இல்லை. அதன் வயர் கட்டை, பின்பக்கம் எட்டாது என்பதால், மேசைக்குக் கீழே தரையில் நின்ற புதுக் கணினியின் முன்பக்க யூ.எஸ்.பி. துளையில்தான் செருகியிருந்தேன். அதே துளையில் மவுஸைச் செருகினேன். மவுஸும் செத்தது. பிழை துளையில்தான். முழங்காலைத் திட்டிக்கொண்டு தரையில் படுத்து, டோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். மஞ்சளாக ஏதோ காய்ந்து போயிருந்தது.

சந்தனம்.

வேறு யாருமில்லை, நான்தான். செவ்வாய்க்கிழமை பெட்டியைப் பிரித்ததும் முகம் கால் கழுவி வந்து, புதுக் கணினியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். புதுக் கார் வாங்கினால் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுகிறோம். எனக்குச் சோறு போடும் கணினியை வெறும் நெற்றியோடு விட மனம் வரவில்லை. அவசரத்தில் சந்தனத்தைத் தண்ணீராகக் குழைத்துவிட்டேன். அது வழிந்து துளைக்குள் இறங்கிவிட்டது.

வெட்கமாக இருந்தது. என் மேலேயே கோபமும் வந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை. கணினியைப் பின்பக்கம் முன்னுக்கு வரத் திருப்பி வைத்து, பெடலைப் பின் துளையில் செருகி மிதித்தேன். குரல் ஓடியது. அன்றும் மறுநாள் காலையும் மேசையை விட்டு எழும்பாமல் வேலை செய்தேன். வெள்ளி பதினொரு மணிக்கே கடைசிக் கோப்பும் போய்விட்டது. லவால் பேச்சு நின்றது.

பின்னேரம் நிறுவனத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பழுதுக்கான காரணத்தை எழுத வேண்டுமாம். கணவர் எட்டிப் பார்த்தார்.

“தூசி எண்டு போட்டுவிடும். உள்ளதைச் சொன்னால் சிரிப்பினம்.”

தூசி என்று எழுதுவது லேசுதான். விரலையும் முதல் எழுத்தில் வைத்துவிட்டேன். அவர்களுடைய ஆள் கண்டுபிடிக்காததை நான் தரையில் படுத்துக் கண்டுபிடித்தேன். அதை ஏன் ஒளிக்க வேண்டும்? சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

புதுக் கணினியை வரவேற்க நான் வைத்த சந்தனம் துளைக்குள் போய்விட்டது, பெடலில் பிழையில்லை, கண்டுபிடித்தது நான் என்று பிழையில்லாத பிரெஞ்சில் எழுதினேன். கீழே இன்னொரு கேள்வி இருந்தது. இப்படி மறுபடியும் நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்?

“அடுத்த கணினிக்குச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைப்பேன்,” என்று எழுதி அனுப்பினேன்.