வசதிகள் பட்டியலில் ஒரு மனிதர்

மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடியில் இருந்த அந்தப் பேராசிரியைக்குக் கதவில் ஒரு பெயர், ஊர் வாயில் வேறொரு பெயர். ஊர் வாயில் அவர் 'இருக்கலாம் டாக்டர்'. வைத்தவர் யாரென்று தெரியாது. ஆளை நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். வெளியே மழையா என்று கேட்டால், ஜன்னல் வழியே கையை நீட்டுவார். நனைந்த கையோடு திரும்பி வந்து, "மழையா இருக்கலாம். மேல் மாடியில யாராவது தண்ணி ஊத்தியும் இருக்கலாம்" என்பார்.

அவருடைய கணவர் கணக்கு வாத்தியார். கல்யாணத்துக்கு முன் ஒரு நாள், பேருந்து நிறுத்தத்தில், இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாராம். "பிடிச்சிருக்கலாம். இன்னும் கொஞ்சம் பழகிப் பார்த்தாத்தான் தெரியும்" என்று பதில் வந்ததாம். "முப்பது வருஷமாப் பழகிட்டு இருக்கோம், முடிவு இன்னும் வரல" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். பக்கத்திலேயே நின்று டாக்டரும் சிரிப்பார். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இதைக் கோழைத்தனம் என்று நினைத்தால் தப்பு. அவர் எடுத்துக்கொண்ட நோய் அப்படி. சர்க்கரை வியாதிக்காரர்களின் காலில் வரும் ஆறாத புண். ஒரே வயசு, ஒரே சர்க்கரை அளவு, ஒரே மருந்து என்று இரண்டு பேர் வருவார்கள். ஒருவருக்கு ஒரே மாதத்தில் தோல் மூடிக்கொள்ளும். இன்னொருவருக்கு விரல் போய், பாதம் போய், கடைசியில் காலே போய்விடும். ஏன் என்ற அந்த ஒரு கேள்வியைத்தான் அவர் பாதி ஆயுசாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிக் கேட்டுப் பழகியவர் வாயில் நிச்சயமான பேச்சு எங்கிருந்து வரும்?

அவரிடம் வேலை பார்த்த ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் உண்டு. டாக்டர் முதல் நாள் கூப்பிட்டது 'தம்பி' என்று. அதுவே நிலைத்துவிட்டது. இப்போது காதோரம் நரைத்துவிட்டது, கல்லூரிக்குப் போகப்போகிற மகளும் இருந்தாள். ஆனாலும் ஆஸ்பத்திரி முழுக்க அவர் தம்பிதான். கீழ்த்தளத்துப் புண் சிகிச்சை அறையில் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவரின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். கழுவுவார், ஒற்றி எடுப்பார், புண்ணின் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் பிடிப்பார், கசியும் நீரை ஒரு சிறு காகிதத் துண்டில் எடுத்து மாடிக் குளிர்பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளே முகம் சுளிக்கிற காலை ஒரு மனிதர் மடியில் வைத்துக்கொண்டால், அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் மறுமாதம் வராமல் இருப்பாரா? ஆய்வுக்கு வேண்டியதும் அதுதான். ஒரே கால், மாதா மாதம், தவறாமல் வரவேண்டும். இடது குதிகாலில் புண்ணோடு வருகிற தையல்காரர் ஒருவர் வெளிப்படையாகவே சொல்வார்: "டாக்டரம்மாவ மரியாதைக்குப் பார்க்கிறேன். நான் வர்றது தம்பிக்காக."

அந்த வருஷம் நாட்டில் வியாபாரம் படுத்துவிட்டது. கடைகள் மூடின, வேலைகள் போயின. அரசாங்கம் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த ஊக்க நிதி என்று பணத்தை இறைத்தது. சாலைக்கு, பாலத்துக்கு என்று போனது போக, பல்கலைக்கழக மருத்துவ ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு வந்தது. நிபந்தனையும் இருந்தது: இரண்டே வருஷத்தில் வேலை முடியவேண்டும், அந்தப் பணத்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்கவேண்டும், அல்லது போகிற வேலை நிலைக்கவேண்டும். பந்திக்கு முந்து என்பதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஆய்வுக்கூடச் சாவி எங்கே இருக்கிறதென்று மறந்துபோன பேராசிரியர்கள்கூட விண்ணப்பமும் கையுமாக அலைந்தார்கள்.

அதே வாரம் அறிவிப்புப் பலகையில் இன்னொரு காகிதமும் ஏறியது. வெளி நிதி இல்லாத ஒப்பந்தப் பணியிடங்கள் கல்வியாண்டு முடிவோடு முடியும். தம்பியின் வேலை அதில் ஒன்று.

"ஊக்க நிதி நமக்குக் கிடைக்குமா டாக்டர்?" என்று கேட்டார் தம்பி.

"கிடைக்கலாம் தம்பி."

தம்பி மனசு நிறைந்து கீழே போனார். மற்றவர்கள் அடித்துச் செய்கிற சத்தியத்தைவிட இந்த அம்மாவின் 'லாம்' கனமானது என்பது அவருடைய கணக்கு. வீட்டிலும் அப்படியே போய்ச் சொன்னார். மகளும் அதை நம்பிக் கல்லூரிக்கு மனுப் போட்டாள்.

விண்ணப்பங்களைப் பார்த்து அனுப்புகிற நிதிப் பிரிவு அதிகாரிக்கு 'கெடு அக்கா' என்று பெயர். கடைசித் தேதி நெருங்கினால் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருவார். இருக்கலாம் டாக்டரின் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டாக்டர், 'பயன் தரக்கூடும்', 'தெரியவரலாம்', 'ஒருவேளை'. இதப் படிச்சா எனக்கே பணம் தர மனசு வரலையே. கொஞ்சம் அடிச்சு எழுதுங்க."

"தெரியாதத எப்படி அடிச்சு எழுதறது?"

"மத்தவங்க எல்லாம் எழுதறாங்களே."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்."

அக்கா பெருமூச்சு விட்டுப் பக்கங்களைப் புரட்டினார். ஏற்கெனவே உள்ள வசதிகள் என்ற பகுதிக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. "இதோ, இங்க எழுதியிருக்கீங்க பாருங்க, இது வரி. இப்படித்தான் எல்லாம் இருக்கணும்." அந்த வரியைப் பென்சிலால் சுழித்துக்கூடக் காட்டினார். அப்புறம் அடுத்த கதவைத் தட்ட ஓடினார். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். அந்த வாரம் அக்காவுக்கு முன்னால் நூறு அண்டா இருந்தது.

விண்ணப்பம் போனது. சில வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஆய்வு நன்று, தேர்வுக் குழுவுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதனால் யாருடைய வேலை காப்பாற்றப்படுகிறது என்று விளங்கவில்லை, உதவியாளர் ஏற்கெனவே இருக்கிறார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், விளக்கம் தருக, கேட்ட தொகையை உயர்த்த இயலாது.

டாக்டர் தன் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார். அக்கா பென்சிலால் சுழித்த அதே வரி. செலவுப் பக்கத்தைப் பார்த்தார். ரத்த ஓட்டத்தைத் தோலுக்கு மேலிருந்தே படம் பிடிக்கிற புது இயந்திரம் இருந்தது, வேதிப்பொருள்கள் இருந்தன, நோயாளிகளின் பேருந்துக் கட்டணம்கூட இருந்தது. தம்பியின் சம்பளம் இல்லை. அதைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நிதி முழுசாகக் கிடைத்தாலும் தம்பி வீட்டுக்குத்தான் போயிருப்பார். அதை நினைத்ததும் டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது.

வேறு யாராவதாக இருந்தால் முதலில் கடிதத்துக்குப் பதில் எழுதியிருப்பார்கள். இவர் நேரே குளிர்பெட்டி இருக்கும் அறைக்குப் போனார்.

"தம்பி, ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று அந்தப் பக்கத்தை நீட்டினார்.

தம்பி கையுறையைக் கழற்றிவிட்டு வாசித்தார். நுண்ணோக்கி இரண்டு. ஆழ்குளிர்ப் பெட்டி ஒன்று. அதன் கீழே: 'நோயாளிகளின் முழு நம்பிக்கையைப் பெற்ற, அனுபவமுள்ள உதவியாளர் ஒருவர் இருக்கிறார்.'

"குளிர்பெட்டிக்கு அப்புறமா நான்?" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் டாக்டருக்குச் சுருக்கென்றது.

"உங்க சம்பளத்த நான் கேக்கவே இல்ல தம்பி. பணம் வந்தாலும் உங்களுக்கு வராது."

தம்பி குளிர்பெட்டியைப் பார்த்தார். அது உறுமிக்கொண்டிருந்தது. மகள் மனுப் போட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும், முகம் அப்படித்தான் இருந்தது. பிறகு மறுபடி அந்த வரியைப் பார்த்தார்.

"நீங்க எழுதறதெல்லாம் நான் படிச்சிருக்கேன் டாக்டர். எல்லா வரியிலயும் ஒரு இழுப்பு இருக்கும். இதுல இல்லையே."

"எனக்கு எதுலயும் நிச்சயம் கிடையாது. காலைல வந்தா நீங்க இருப்பீங்கங்கிறத மட்டும் நான் சந்தேகப்பட்டதே இல்ல. அதான் தப்பு."

தம்பி பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். கோபப்படவா சந்தோஷப்படவா என்று அவருக்கே தெரியவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர், "இடுப்புல பிள்ளைய வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடின கதைதான்" என்றார். "தொகைய ஏத்தக் கூடாது, அவ்வளவுதானே? மெஷின எடுத்துட்டு ஆளப் போடு. கூட்டல் கழித்தல்."

கணக்கு வாத்தியாருக்குக் கூட்டல் கழித்தல். அந்த இயந்திரத்தை டாக்டர் ஒரு மாநாட்டில் பார்த்திருந்தார். கையை அதனடியில் வைத்தபோது தன் விரல்களில் ரத்தம் ஓடுவது திரையில் சிவப்பாகத் தெரிந்தது. ஏன் ஒரு புண் ஆறுகிறது, ஒரு புண் ஆறவில்லை என்பதற்கு விடை அதற்குள் இருக்கலாம் என்று அன்றிலிருந்து அதன் மேல் ஆசை. மறுநாள் அறையில் உட்கார்ந்து செலவுப் பக்கத்திலிருந்து அதை எடுத்தார். எடுக்கும்போது வலித்தது, அதில் சந்தேகமே இல்லை.

விளக்கத்தில் முதலில், 'அவர் இல்லாவிட்டால் பணி பாதிக்கப்படலாம்' என்று எழுதினார். படித்துப் பார்த்தார். அடித்தார். 'ஆண்டு முடிவோடு இவர் வேலை போகிறது. இவர் போனால் நோயாளிகள் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் இந்த ஆய்வு கிடையாது' என்று எழுதிப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பையும் சேர்த்துக் கட்டினார்.

கெடு அக்கா அதை வாங்கி இரண்டு முறை படித்தார். "யாரு எழுதிக் கொடுத்தாங்க டாக்டர்?"

"நான்தான்."

"என் மேலயும் தப்பு இருக்கு. அந்த வரியப் போய்ப் பாராட்டினேனே" என்று சொல்லிவிட்டு, தானே கையோடு அனுப்பிவைத்தார்.

பதில் வரவில்லை. இதற்கிடையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி தம்பியைக் கூப்பிட்டது. "போய்ப் பாருங்க" என்றார் டாக்டர். "இங்க கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். என் பேச்ச நம்பி உட்காராதீங்க. வீட்டுல படிக்கிற பொண்ணு இருக்கா." சொல்லிவிட்டாரே தவிர, தம்பி நேர்முகத்துக்குப் போன அன்று கீழ்த்தளத்துக் குட்டை முக்காலி காலியாகக் கிடந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. வேறு படிக்கட்டு வழியாகப் போனார்.

மறுநாள் காலை தம்பி வழக்கம்போல வந்து குளிர்பெட்டியைத் திறந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"எல்லாத்தையும் அடிச்சுச் சொல்றாங்க டாக்டர். வேலை நிச்சயம், உயர்வு நிச்சயம். புண்ணு ஆறுறதுகூட நிச்சயம்னு சுவத்துல எழுதிப் போட்டிருக்காங்க. எனக்குப் பயமாப் போச்சு."

"என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பாங்களாம்."

மாதம் முடியச் சில நாள் இருக்கும்போது கெடு அக்கா மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தார். போனில் சொல்லியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. கடிதத்தை டாக்டரே படிக்கட்டும் என்று நீட்டினார். டாக்டர் படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார், அக்காவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

தம்பியின் மடியில் தையல்காரரின் குதிகால் இருந்தது.

"தம்பி, வேலை இருக்கு."

தம்பி நிமிர்ந்து பார்த்தார். தையல்காரருக்கும் டாக்டரின் பேச்சு பழக்கம். "அம்மாவுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?" என்று கவலையோடு கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன். இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு. சம்பளத்தோட."

தம்பி ஒற்றிக்கொண்டிருந்த பஞ்சைத் தட்டில் வைத்தார்.

"அதுக்கப்புறம்?" என்று கேட்டது தையல்காரர்தான். தன் காலை யார் பார்ப்பார்கள் என்ற கவலை அவருக்கு.

பொய் சொல்ல டாக்டருக்கு வரவில்லை. "இருக்கலாம்" என்றார்.

"அது போதும் டாக்டர்" என்றார் தம்பி. "அந்த ஆஸ்பத்திரிக்கு வரலன்னு சொல்லிடறேன்."

பிறகு பழைய கேமராவைக் கையில் எடுத்தார். அளவுகோலைப் பிடிக்க ஆள் இல்லை. டாக்டர் புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, புண்ணின் பக்கத்தில் அதை நேராகப் பிடித்துக்கொண்டார்.