கூடாரத்தோடு போன விருந்தாளிகள்

கோடை தொடங்கினால் லண்டனில் ஒரு கேள்வி முளைத்துவிடும். நான் வேலை செய்த பாண் சுடும் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளைக்கு உட்கார்ந்ததும் மொரீன் என்ற வெள்ளைக்காரப் பெண் தவறாமல் கேட்பாள், இந்த முறை விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று. கனடாவுக்கு, மனைவியின் சித்தப்பா வீட்டுக்கு என்பேன். அடுத்த வருடம் ஜேர்மனிக்கு, பெரியம்மாவின் மகளுடைய கலியாணத்துக்கு என்பேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்ப்பாள். "அது சொந்தக்காரரைப் பார்க்கப் போவதல்லவா? நான் கேட்டது விடுமுறையை." இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. விமானம் ஒன்றுதான், பெட்டி ஒன்றுதான், வேலைக்குப் போகாத நாட்களும் ஒன்றுதான்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன். இங்குள்ளவர்கள் தங்களை ஒருவருக்கும் தெரியாத இடத்துக்குப் போய் இருந்துவிட்டு வருவதைத்தான் விடுமுறை என்கிறார்கள். எங்களுக்கோ தெரிந்தவர் இல்லாத ஊரில் போய் இறங்கினால் அங்கே என்ன செய்வது என்றே தெரியாது. மனோர் பார்க்கில் எங்கள் வீட்டின் மேலறையில் குடியிருந்த செல்வண்ணை ஒருமுறை சொன்னார்: "தெரிஞ்ச சனம் இல்லாத இடத்துக்கு பிளேன் ரிக்கற் எடுக்கிறவன் ஒண்டில் பொலிசுக்கு ஒளிக்கிறான், இல்லாட்டி பெண்சாதிக்கு ஒளிக்கிறான்." ஆட்கள் சொல்லும் இப்படிப்பட்ட கதைகளைப் பொறுக்கி வைப்பதுதான் என் படிப்பு. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்.

செல்வண்ணை வாடகைக்கு வந்தவரல்ல. விசா கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று யாரோ கொண்டுவந்து விட்டவர். அவருக்கு முன்னால் என் மனைவி பவானியின் ஒன்றுவிட்ட தம்பி இருந்தான். அவனுக்கு முன்னால் அப்போதுதான் ஹீத்ரோவில் இறங்கிய இரண்டு பொடியள் முன்னறையில் கிடந்தார்கள். நானும் பவானியும் கலியாணம் செய்து குடிபுகுந்த நாள் தொடக்கம் அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த ஒரு இரவு கிடையாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் இடம் இருக்கும் என்று சனம் தானாகவே தீர்மானித்துவிட்டது. பவானி ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பகல் முழுவதும் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வந்து, வீட்டிலும் யாருக்கோ விரிப்பாள். முகம் சுளித்ததில்லை. ஆனால் அறைக்குள்ளே நாங்கள் கதைப்பதென்றால் குசுகுசுத்துத்தான் கதைப்போம். சண்டை பிடிப்பதும் அப்படித்தான். மெதுவாகச் சண்டை பிடிப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒருநாள் அவள் வேலையிடத்திலிருந்து ஒரு புகைப்படத்தோடு வந்தாள். கூட வேலை செய்யும் பெண்ணும் அவளுடைய கணவனும் முதுகில் பையும் கூடாரமுமாக அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். படத்தில் சிவந்த மண், ஒரு சின்னக் கூடாரம், இரண்டு மடக்குக் கதிரைகள்.

"இஞ்சேருங்கோ, வடிவாப் பாருங்கோ. இதில ஒரு மனிசரும் இல்லை."

மற்றவர்கள் கடலைக் காட்டி வியப்பதுபோல அவள் அந்த வெறுமையைக் காட்டி வியந்தாள்.  கூடாரம் வாங்கினோம். தோளை அறுக்கும் இரண்டு பெரிய பைகளும் வாங்கினோம். செல்வண்ணையிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்து, பூட்டித் திறந்துகொள்ளச் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

அவுஸ்திரேலியாவுக்குப் போவதென்றால் மெல்பேர்னில் இருக்கும் பவானியின் அண்ணன் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. அங்கே சாப்பாட்டு மேசையில் எங்கள் திட்டத்தைச் சொன்னபோது மச்சான் பிசைந்த கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஊரில சண்டைக்குப் பயந்து ஓடின சனம் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ கிடக்குது. நீங்கள் காசு குடுத்துப் போய் அதே மாதிரிக் கிடக்கப் போறியளோ?"

"அதுகளைத் துரத்தினபடியால் கிடக்குதுகள், அண்ணை," என்றாள் பவானி. "நான் ஒருத்தரும் துரத்தாமல் ஒருக்காப் படுத்துப் பாக்கப் போறன்."

 அவர் எந்தெந்த ஊரில் பஸ் நிற்கும் என்று மட்டும் கேட்டார். அண்ணன் கேட்டால் தங்கை சொல்லாமல் இருப்பாளா? சொன்னாள். எங்கள் பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

போர்ட் ஒகஸ்டாவில் பஸ் நின்றபோது கண்ணாடிக்கு வெளியே கோட் போட்ட ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். மச்சானோடு படித்த எஞ்சினியர். "வீடு இருக்க என்னத்துக்கு ரோட்டில படுக்கிறியள்? ஆக்கள் அறிஞ்சா எங்களைத்தானே பேசுவினம்?" என்று பைகளைப் பிடுங்கிக் காரில் போட்டார். புட்டும் கோழிக்கறியும் சாப்பிட்டு, அவர்களுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டு வீடியோவை முழுதாகப் பார்த்து, மெத்தையில் படுத்தோம். கூபர் பீடியில் வெயிலுக்குப் பயந்து சனம் நிலத்தைக் குடைந்து வீடு கட்டியிருந்தது. மண்ணுக்கடியில் போனாலாவது தப்பலாம் என்று நினைத்தேன். அந்த மண்ணுக்கடியிலும் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். இடியப்பம் இருந்தது. ஊரில் எங்கள் வீடு எந்தத் தெருவில், எந்த ஒழுங்கையில் என்ற விசாரணையும் இருந்தது. பவானி எல்லோருக்கும் சிரித்தாள். பஸ்ஸில் ஏறியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் ஓடும் வெறும் நிலத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஏதாவது சொன்னால், "பிறகு கதைப்பம்" என்றாள். எனக்கும் எரிச்சல் ஏறியது. யாரோடு கோபிப்பது? சோறு போட்டவர்களோடா?

அலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊரில், மச்சானிடம் சொல்லாத இடம் என்ற துணிவில் இறங்கினோம். முகாம் போடும் இடத்தை நடத்திய கிழவர் இரண்டு பேர் மட்டுமா என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் பவானி, "இரண்டு பேர் மட்டும்" என்று ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னாள். வெயில் தணிந்த நேரம் கூடாரம் எழுந்தது. அவள் உள்ளே போய்க் கால் நீட்டிப் படுத்தாள். பிறகு சாதாரணக் குரலில், குசுகுசுக்காமல், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அப்போதுதான் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கார் வந்தது. முன்னால் கிழவர் ஓடிவந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "பயப்படாதீர்கள், உங்கள் ஆட்கள் உங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்றார். நாங்கள் வழிதவறி வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார்.

வந்தவள் வத்சலா. அந்த ஊர் டொக்டரின் மனைவி. பஸ் நிற்கும் கடையில் எங்களைக் கண்ட தாதி ஒருத்தி அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

"சமைச்சுப்போட்டு வந்தனான் அக்கா. நல்ல மீன் இல்லை, ரின்னில அடைச்ச மீன்தான். வாங்கோ."

"நாங்கள் வரேல்லைத் தங்கச்சி. இண்டைக்கு இஞ்சதான்," என்றாள் பவானி. அவள் யாருக்கும் மறுப்புச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

"சரி அக்கா. அப்ப நான் கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போகட்டே?"

கேட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தாள். கதைக்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. "அவர் நல்லவர். ஆனா ஆஸ்பத்திரியால வந்தா நித்திரை. இஞ்ச தமிழ் கதைக்க ஆர் இருக்கினம்? கறிக்கு உப்புக் காணுமோ எண்டு நானே கேட்டு நானே மறுமொழி சொல்லுறனான்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பவானி சிரிக்கவில்லை. கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, கயிறு கட்டிய முதலாவது முளையைப் பிடுங்கினாள்.

"என்னப்பா செய்யிறீர்? நீர்தானே வரமாட்டன் எண்டனீர்?" என்று கேட்டேன்.

"மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ. டென்டை விட்டிட்டுப் போகேல்லை. டென்டோடதான் போறம்."

வத்சலாவின் வீட்டுக்குப் பின்னால் வேலி இல்லை. வீடு முடிந்த இடத்தில் பாலைவனம் தொடங்கியது. கூடாரத்தை அங்கே அடித்தோம். நிலம் கல். மூன்று முளைகள் அரைகுறையாக இறங்கின. நான்காவது வளைந்துபோனது. கறியைச் சூடாக்கிக்கொண்டு நின்ற வத்சலா குசினிக்குள்ளிருந்து கையை நீட்டி அந்தக் கயிற்றை வாங்கி, யன்னல் கம்பியில் கட்டினாள். சாப்பிட்டபின் பவானி கூடாரத்துக்குள் படுத்திருந்தாள், வத்சலா யன்னலுக்குள் நின்று கோப்பை கழுவினாள். இரண்டு பேருடைய கதையும் என் தலைக்கு மேலால் போய் வந்தது. நான் வெளியே குந்தியிருந்தேன். ஆத்திரம் தீரவில்லை. வெறும் நிலத்திலிருந்து காற்றுக் கிளம்பியது. மண்ணில் அடித்த முளைகள் ஒவ்வொன்றாக இளகின. அந்தப் பக்கத்துக் கூடாரச் சீலை படபடவென்று அடித்துக்கொண்டது. குசினி யன்னலில் கட்டிய கயிறு மட்டும் இறுகி நின்றது.