கணவருக்கு நன்றி சொன்ன பேராசிரியர்

எங்கள் ஆய்விதழ் அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தவன் நான்தான். பக்கங்களை வடிவமைக்கிற வேலை எனக்கு. வருகிற கட்டுரைகளில் எது சொந்தச் சரக்கு, எது சுட்ட சரக்கு என்று பார்க்கிற வேலை அவளுக்கு. எதிரெதிர் மேசை. படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாளானால், எங்கோ ஒரு முனைவருக்குச் சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டிலும் அதே குணம். கல்யாண நாளுக்கு அவள் கணவர் கவிதை எழுதிக் கொடுத்திருக்கிறார், பாவம். வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். இவள் மறுநாள் காலை, "மூணாவது வரி மட்டும்தான் உங்களோடது, அது நல்லா இருக்கு" என்று சொல்லிக் காபியை நீட்டினாளாம். அவர் அதோடு கவிதையை விட்டுவிட்டார்.

சோதனைக்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கட்டுரையைப் போட்டால், இதில் இத்தனை சதவீதம் ஏற்கெனவே வேறெங்கோ வந்திருக்கிறது என்று வண்ணம் தீட்டிக் காட்டும். நம் அறிஞர்கள் லேசுப்பட்டவர்களா? திருடாதீர்கள் என்றால் சதவீதத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். 'மழை பெய்தது' என்று ஒருவர் எழுதியிருந்தால், 'வானிலிருந்து நீர் இறங்கியது' என்று மாற்றினால் போதும், புது ஆராய்ச்சி தயார்! அதனால் சல்லடை அந்த மென்பொருளை முழுசாக நம்புவதில்லை. கடைசியில் வரும் நன்றியுரையைத்தான் முதலில் படிப்பாள். அதை யாரும் மென்பொருளுக்குள் போடுவதில்லை. எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் மதிப்பீட்டாளர்களுக்கும் அனுப்புவதில்லை.

ஒருநாள் ஒரு பெரிய பேராசிரியரின் கட்டுரை வந்தது. மேடை ஏறாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. 'ஆய்வு நேர்மை' என்பது அவர் விரும்பிப் பேசும் தலைப்பு. மென்பொருள் பச்சைக்கொடி காட்டிவிட்டது. சல்லடை நன்றியுரையைப் படித்தாள். படித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் நாற்காலியே பின்னால் நகர்ந்தது.

'கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு என்னை எழுதவிட்ட என் அன்புக் கணவருக்கும், கண்டிப்பும் கருணையும் நிறைந்த என் வழிகாட்டிப் பேராசிரியருக்கும் நன்றி' என்று இருந்தது. வழிகாட்டி என்று போட்டிருந்தது இவர் பெயரேதான். ஆக, மீசை வைத்த அந்த மனிதர் தம் கணவருக்கு நன்றி சொல்லிவிட்டு, கையோடு தமக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். கட்டுரையின் தலையில் தம் பெயரைப் போடத் தெரிந்த மகானுபாவர், சோதனைக்குப் போகாத பக்கம்தானே என்று இதை அப்படியே விட்டுவிட்டார்.

சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. அவரிடம் ஆய்வு செய்கிறவர்களில் கைக்குழந்தைக்காரி யாரென்று விசாரித்து, சல்லடை அவளுக்குப் போன் செய்தாள். அந்தக் கட்டுரை, அவள் எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம். இன்னும் எங்கும் வெளிவராதது, அதனால்தான் மென்பொருளிடம் சிக்கவில்லை. நன்றியுரையும் சேர்த்து, திருத்தித் தரச் சொல்லி அவரிடம் கொடுத்தாளாம். "இது தேறாது, ஓரமா வை" என்றாராம். இப்போது இவருடையது முதலில் அச்சானால், நாளை அவள் ஆய்வேட்டைச் சோதிக்கிற மென்பொருள் அவளைத்தான் திருடி என்று காட்டும். பட்டம் போயே போச்சு. வேலி பயிரை மேய்ந்ததும் அல்லாமல், பயிர்மீது வழக்கும் போடப்போகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ஒரு பக்கமும் ஓடவில்லை.

எங்கள் இதழின் தலைமை ஆசிரியர் தங்கமான மனிதர். யார் மனமும் நோகக் கூடாது அவருக்கு, முக்கியமாகப் பெரிய மனிதர்களின் மனம்.

"யானைக்கும் அடி சறுக்கும்மா. ஏதோ பக்கம் மாறியிருக்கும்" என்றார்.

"சறுக்கினா கீழ விழணும் சார். இவர் அடுத்தவங்க வீட்டுக்குள்ள போய் விழுந்திருக்காரு" என்றாள் சல்லடை.

விதிப்படி விளக்கம் கேட்டு எழுதினோம். பதில் வந்தது: 'இது கூட்டு முயற்சி. மாணவியின் பெயர் தட்டச்சில் விடுபட்டுவிட்டது.' தலைமை ஆசிரியருக்கு உயிர் வந்தது. இரண்டாவது பெயராக அவளைச் சேர்த்துவிட்டால் விஷயம் முடிந்தது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இலை போட்டுக் கொடுத்த புண்ணியவான்!

அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரில் வந்தாள்.

"ரெண்டாவது பேரே போதும்க்கா. அவர் கையெழுத்துப் போட்டாதான் எனக்குப் பட்டம். பகைச்சுக்கிட்டா கைகழுவிடுவாரு."

"நீ பெத்த புள்ளைக்கு நீ சித்தியாம்மா?" என்றேன் நான், பொறுக்கமாட்டாமல்.

சல்லடை என்னை முறைத்தாள். "நீங்க சும்மா இருங்க. உங்க பட்டமா போகப்போகுது?" பிறகு அவளிடம், "இது உன்னோட உழைப்பு. நீ சொல்றதுதான். சேத்துடுங்கன்னு சொன்னா சேத்துடறேன். மனசு ஆறாது, ஆனா செய்வேன்" என்றாள்.

குழந்தை மேசையிலிருந்த பேனாவை எடுத்து வாயில் வைத்தது. அவள் அதைப் பிடுங்கித் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"வேணாம்க்கா. நிறுத்திடுங்க" என்றாள்.

நிறுத்தினோம். கட்டுரை திரும்பிப் போனது. தலைமை ஆசிரியர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார், அதுவும் சல்லடை பக்கத்திலேயே நின்றதால். பல்கலைக்கழகம் குழு போட்டது. குழு கூடியது, டீ குடித்தது, 'வருங்காலத்தில் கவனமாக இருக்கவும்' என்று அறிவுரை வழங்கியது. பேராசிரியர் கவனமாக, அந்தப் பெண்ணை மட்டும் கைகழுவினார். வேறு துறையில் அவள் ஆய்வுப் பொருளே புரியாத ஒருவர் வழிகாட்டியாகக் கிடைத்தார். பட்டம் வெகுவாகத் தள்ளிப்போனது. ஆனால் அத்தியாயம் அவள் பெயரில், அவள் ஒருத்தி பெயரில், எங்கள் இதழில் வந்தது.

இதழ்ப் பிரதியை வாங்க வந்தவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பிரிக்கக்கூட இல்லை.

"ஒண்ணு கேக்கலாமாக்கா? எத்தனையோ கடிதம் போட்டீங்க, குழுவும் விசாரிச்சுது. என்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கச் சொல்லி அவர்கிட்ட யாராவது சொன்னீங்களா?"

எங்கள் விதிமுறைப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. சல்லடை தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினாள்.

"ஐயா, உங்க பழைய மாணவி பேசணுமாம்" என்று சொல்லி அவளிடம் கொடுத்தாள்.

டொக்கென்று அந்தப் பக்கம் வைத்த சத்தம் என் மேசைவரை கேட்டது. அந்தப் பெண் காதிலிருந்து எடுக்கவில்லை. "சார், நான்தான் சார்" என்று ஆரம்பித்து, நின்றுகொண்டே, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தாள்.