முன்பக்கம் பார்த்து வாங்கிய பேஸ்ட்

போன மாதம் ஆமத்தூரில் மச்சான் வீட்டு விருந்து. கறி, கோழி எல்லாம் முடிந்து கடைசியாக ஐஸ்கிரீம் வந்தது. ஒரு வாய்தான் வைத்தேன். முன்பல்லில் சுளீரென்று கரண்ட் அடித்த மாதிரி... கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது.

"என்ன மாப்ளே, ஐஸ்கிரீமுக்கு அழுறீக? என் தங்கச்சியைக் கட்டின அன்னைக்குக்கூட அழலையே!" என்றார் மச்சான். என் மனைவியின் அண்ணன். பட்டாசு ஆலையில் ஃபோர்மேன்.

பல் கூச்சம் என்றேன். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்களுக்கே கிடையாது. உங்க பல்லுக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு?"

"சரி, என்ன பேஸ்ட்டு தேய்க்கீக?" என்றார் மச்சான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் அட்டைப்பெட்டிகளுக்கு லே-அவுட் போடுகிறவன். சோப்பு, ஊதுபத்தி, கம்பி மத்தாப்பு என்று அட்டையிலேயே பிழைப்பு. அப்படிப்பட்டவன் டூத்பேஸ்ட்டை எதைப் பார்த்து வாங்குவான்? கலர் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா, மடிப்பில் விரிசல் விடுகிறதா, தங்க எழுத்து நகத்தால் சுரண்டினால் உரிகிறதா... கடை அண்ணாச்சி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "சார், பேஸ்ட்டு வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

அப்படிப் பார்த்துப் பார்த்து நான் கட்டிக்கொண்டதுதான் ஒரு கரி பேஸ்ட். கன்னங்கரேலென்ற அட்டையில் தங்க எழுத்து. 'பளீர் வெண்மை!' கறுப்பைத் தேய்த்தால் எப்படி வெளுக்கும்? கேட்கத் தோன்றவில்லையே! வெண்மை சீக்கிரம் வரட்டும் என்று கெட்டி பிரஷ்ஷால், அடிப்பிடித்த சட்டியை விளக்குவதுபோல விளக்கித் தள்ளினேன்.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "கரியா? நாங்க வெடிக்குப் போடுறதை நீங்க பல்லுக்குப் போடுறீகளாக்கும்!"

மறுநாள் விருதுநகரில் பல் டாக்டர். மச்சானும் வந்தார். துணைக்கு என்றார் அவர் — வேடிக்கை பார்க்க என்பது என் கணிப்பு. இளம் டாக்டரம்மா முன்பல்லில் 'புஸ்' என்று காற்றைப் பீய்ச்சினார். நான் நாற்காலியை விட்டு ஓர் அடி மேலே போய்த் திரும்பினேன்.

"ஈறு ஓரத்துல பல்லையே தேய்ச்சு எடுத்திருக்கீங்க சார். இப்படியே போனா ரூட் கேனல்தான்."

முன்பல்! வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியின் தலைப்பில், போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறதே, அதே பல். அந்தச் சிரிப்பைத் தவிர எனக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது?

"என்ன பேஸ்ட் யூஸ் பண்றீங்க?"

"கறுப்பு அட்டை, டாக்டர். லேமினேஷன் பிரமாதம்..."

"அட்டையைக் கேக்கல சார். உள்ளே என்ன இருக்கு?"

"கரி... அது மட்டும்தான் தெரியும், டாக்டர்."

"கரியை நிறுத்துங்க. சாஃப்ட் பிரஷ்ஷால மெதுவா தேய்ங்க. இனிமே அட்டைக்குப் பின்பக்கம் படிச்சு வாங்குங்க. ஃப்ளோரைடு கட்டாயம் இருக்கணும். உங்க கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட்டும் இருந்தா நல்லது. சில வாரம் பாப்போம். அடங்கலைன்னா ரூட் கேனல்."

மச்சான் எழுந்தே விட்டார். "டாக்டரம்மா, அது வெடியுப்புல்லா! எங்க கம்பெனியில மூடை மூடையா கெடக்கு!"

"அங்கே வேற வேலை சார். இங்கே நரம்பை அமைதிப்படுத்தும்."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, மிச்சமிருக்குற கரி பேஸ்ட்டை இன்னைக்கே தூக்கிப் போட்டுருங்க. கரி, வெடியுப்பு... இனி கந்தகம் ஒண்ணுதான் பாக்கி. நீங்க சிரிச்சா பக்கத்துல எவனும் பீடி பத்தவைக்க முடியாது!"

ஊரையே அதிரவைக்கிற உப்பு என் ஒற்றைப் பல்லை அடக்கிவைக்குமாம். நம்பினேன். வேறு வழி?

அண்ணாச்சி அந்த வகை பேஸ்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பச்சை பிசகி நீலத்தின் மேல் ஏறியிருந்தது. நிச்சயமாக எங்கள் ஊர் அச்சு இல்லை! பல்லைக் கடித்துக்கொண்டு — மெதுவாகத்தான் — திருப்பினேன். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஏதோ தெரிந்தது. எழுத்துதானாம். முன்பக்கத்தில் போஸ்டர் மாதிரி போடத் தெரிந்தவனுக்கு இங்கே என்ன கேடு? எந்தப் புண்ணியவான் இப்படிப் பொடியாகப் போட்டது?

திட்டி முடிக்கும்போதுதான் உறைத்தது. என்னைப்போல் ஒருவன்தான். அட்டைக்கு ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி வந்து, "இதை எங்கனயாவது மூலையில பொடியா போட்டுருங்க" என்பார். நாங்களும் சுருக்கிவிடுவோம். 'பளீர் வெண்மை'க்கு இடம் வேண்டுமே!

கடைசியில் அச்சுப்புள்ளி பார்க்கும் லென்ஸை எடுத்து, அண்ணாச்சி வாய்பொத்திச் சிரிக்கச் சிரிக்க, ஒவ்வொன்றாகப் படித்தேன். ஃப்ளோரைடு, பொட்டாசியம் நைட்ரேட் இரண்டும் இருந்தன.

நேற்று மறுபடி டாக்டரம்மா காற்றைப் பீய்ச்சினார். கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்... ஒன்றும் ஆகவில்லை. ரூட் கேனல் வேண்டாமாம். இந்த வாரமும் மேலே சிரிக்கிறேன், பாருங்கள்.

நீங்களும் பேஸ்ட் வாங்கப் போவீர்கள். பல்லை வேண்டுமானால் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்... மூக்குக் கண்ணாடியை மட்டும் மறந்துவிடாதீர்கள்!