படிவத்தில் நான் எழுதிய ஒரு சொல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், மஸ்ஜித் தானா டவுனைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கம்பத்தில், அதாவது சின்னக் கிராமத்தில், நடந்தது இது. அப்போது நான் மின்கம்பி இழுக்கும் ஒரு குத்தகை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அப்பா, அம்மா இரண்டு பேரும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். குடும்பத்தில் முதலில் டிப்ளோமா வாங்கியவன் நான். வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். அதனால் எழுத்தில் நான் தப்பு பண்ண மாட்டேன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

அந்தப் பகுதியில் ஒரு சோலார் பண்ணை வந்தது. அங்கே எடுக்கும் மின்சாரத்தைத் தூரத்தில் இருக்கும் சப் ஸ்டேஷன் வரை கம்பி இழுத்துக் கொண்டுபோக வேண்டும். “வெயில் சும்மா கிடைக்குது, கம்பிதான் நம்மளத் தின்னுது லா” என்பார் எங்கள் மேனேஜர். கம்பி வளைகிற இடத்திலெல்லாம் பெரிய கோபுரம் வேண்டும், செலவு ஏறும். அதனால் நேராகவே போடச் சொல்லிவிட்டார். டிரோன் படத்தைப் பார்த்து, கம்பிக்குக் கீழே யார் நிலம், என்ன மரம் என்று படிவத்தில் குறிப்பது என் வேலை. கம்பிக்குக் கீழே மரம் நிற்கக் கூடாது; வெட்டிவிட்டு, காய்க்கிற மரத்துக்கு நஷ்டஈடு கொடுப்பார்கள்.

ஒரு துண்டு நிலம் மட்டும் படத்தில் வெறும் பச்சையாகத் தெரிந்தது. நேரில் போய்ப் பார்க்கலாம் என்று அந்தக் கட்டத்தில் ‘செமாக்’ என்று எழுதிவைத்தேன். மலாயில் அதற்கு ‘சரிபார்’ என்று அர்த்தம். ‘புதர்’ என்றும் அர்த்தம். வேலை மும்முரத்தில் நான் அதை மறந்தே போனேன். ஆபீசில் புதர் என்று எடுத்துக்கொண்டார்கள். புதருக்கு நஷ்டஈடு கிடையாது.

நிலத்துக்காரருக்கு நிறுவனத்தின் கடிதத்தைக் கொடுக்கப் போன அன்றைக்குத்தான் எனக்கு இது தெரிந்தது. அவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. பழம் விற்றுத்தான் குடும்பத்தை ஓட்டுகிறார். கடிதத்தை வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“செமாக்கா? தம்பி, எந்தக் கண்ணால பாத்தாங்க இத?”

அவருக்குப் பின்னால் ரம்புத்தான் சிவந்து தொங்கியது.

ஆபீசில் யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வேலை போய்விடுமோ என்று பயம் வேறு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. எழுதியது நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஒரு வார்த்தையில என் தோட்டத்தையே வெட்டிட்டியேப்பா” என்றார். பிறகு பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் தயங்கி நின்றேன்.

“உன்ன வெட்ட இல்ல லா, பாதையில முள்ளு. வா, வந்து எண்ணு.”

எண்ணினோம். ரம்புத்தான், மங்குஸ்தீன், டோக்கோங் என்று பதினேழு பழமரம். ஒரு டோக்கோங் பாதி பட்டுப்போயிருந்தது. செய்த தப்புக்கு ஈடாக இருக்கட்டுமே என்று அதையும் காய்க்கிற மரம் என்று எழுதப் போனேன். அக்கா தடுத்துவிட்டார்.

“அது காய்ச்சு ரெண்டு வருஷமாச்சு. உள்ளத மட்டும் எழுது. இது பொய்னா மத்ததயும் நம்ப மாட்டாங்க.”

மறுநாள் மேனேஜரிடம் ஒப்புக்கொண்டேன். நன்றாக ஏச்சு வாங்கினேன், ஆனால் வேலை தப்பியது. படிவத்தைத் திருத்தினார்கள், அக்காவுக்கு நஷ்டஈடும் கிடைத்தது. கம்பியைக் கொஞ்சம் வளைக்க முடியுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். “இன்னொரு கோபுரம் வேணும், நீ காசு போடுறியா?” என்றார் மேனேஜர்.

மரம் வெட்டிய அன்றைக்கு நானும் போயிருந்தேன். மத்தியானத்துக்குள் எல்லாம் சாய்ந்துவிட்டது. அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்த வெட்டவெளியில் நின்றார். “இங்க இவ்ளோ வெயிலு இருக்குன்னு இன்னிக்குதான் தெரியுது தம்பி” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

கம்பி இழுக்கக் கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் தொகையை உடனே சொல்லிவிடுவேன். ஆனால் சொல்லும்போதெல்லாம், அந்தக் கணக்கில் சேராமல் போன அக்காவின் தோட்டத்து நிழலும் நினைவுக்கு வந்துவிடுகிறது.